முகாம் எந்தத் தெருவில்? – கல்லூரியும் கிராமமும்: கேள்வி பதில்

அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் இரண்டு தவணையாக ஏழு ஆண்டு என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்லூரிகள் கிராமத்துக்குப் போவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சார், நான் முதலாண்டு மாணவன். என்.எஸ்.எஸ். என்றால் புல் பிடுங்குவதும் சுவருக்கு வெள்ளையடிப்பதும்தான். இதில் சமூகநீதி எங்கே வருகிறது?

தம்பி, அந்தப் புல்லை நானும் பிடுங்கியிருக்கிறேன். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில், சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுக்கு 240, கூடவே 7 நாள் சிறப்பு முகாம். மணிக்கணக்கு கேட்டால் எண்ணுவதற்கு வசதியான வேலையைத்தான் கொடுப்பார்கள். புல் அதற்கு ரொம்ப வசதி!

இனிமேல் கோயில் வளாகத்தில் புல் பிடுங்கச் சொன்னால் பிடுங்குங்கள். அப்படியே, இந்தக் கோயிலுக்குள் ஊரில் எல்லாரும் வருவார்களா என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை மட்டுமல்ல, சொல்வதற்கு முன்னால் யாரைத் திரும்பிப் பார்த்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் திட்ட அலுவலர் பொறுப்பேற்றிருக்கிறேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் முகாமுக்குக் கல்யாண மண்டபத்தை இலவசமாகத் தருகிறார். வாங்கலாமா?

அந்த மண்டபத்தை ஊரில் எல்லாச் சாதிக்காரர்களுக்கும் வாடகைக்கு விடுவார்களா என்று முதலில் விசாரியுங்கள். நான் விசாரிக்காமல் போய் மாட்டிக்கொண்டவன்.

என் முதல் முகாம் ஊர்த்தெரு மண்டபத்தில்தான் நடந்தது. மின்விசிறி, கழிப்பறை, சமையற்கட்டு எல்லாம் பிரமாதம். மாலை வகுப்புக்கு முப்பது பிள்ளைகள் வந்தார்கள். மூன்று நாள் நானும் பூரித்துப்போய் இருந்தேன். நான்காம் நாள் ஒரு மாணவி, "சார், காலனியில இருந்து ஒரு பிள்ளைகூட வரலையே" என்றாள். எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. தலித் மக்கள் வாழும் அந்தக் காலனிக்கும் மண்டபத்துக்கும் நடந்தால் ஐந்து நிமிடம்.

மறு ஆண்டு அதே ஊரில், காலனியில் இருந்த பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. போன வருடம் சமைத்த அம்மா, முழங்கால் வலி, வர முடியாது என்று சொல்லி அனுப்பினார். இரண்டு மாணவர்களின் வீட்டிலிருந்து போன். "அங்க சமைக்கிறதையா எங்க பையன் சாப்பிடுறான்?" இரண்டாம் நாளே இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தடுக்கவில்லை. அன்று ராத்திரி சிறப்புரையை ரத்து செய்துவிட்டு, அவர்கள் ஏன் போனார்கள் என்று மீதிப் பேரோடு பன்னிரண்டு மணிவரை பேசினோம். போன இருவரில் ஒருவன் ஐந்தாம் நாள் திரும்பி வந்தான். மற்றவன் வரவில்லை.

கிராமத்தில் கணக்கெடுப்பு நடத்த நல்ல வினாத்தாள் இருக்கிறதா?

வினாத்தாளை இரண்டாம் நாளுக்கு வையுங்கள். முதல் நாள் ஒரு படி கோலமாவு வாங்கிக்கொண்டு போங்கள். ஊர்ப் பெண்களையே தரையில் ஊரை வரையச் சொல்லுங்கள். பங்கேற்பு முறை ஆய்வு என்று இதற்குப் பெரிய பெயர் உண்டு.

ஒருமுறை ஒரு பாட்டி, கை பம்பு இருக்கும் இடத்திலெல்லாம் புளியங்கொட்டை வைத்துக்கொண்டே வந்தார். ஊர்ப் பக்கம் ஆறு. காலனிப் பக்கம் ஒன்று. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்த ஒன்றையும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "இது ஓடுறதில்ல, எதுக்கு வச்சிக்கிட்டு?" எங்கள் வினாத்தாளில் 'கை பம்பு உண்டா, இல்லையா' என்று கட்டம் போட்டிருந்தோம். ஓடுகிறதா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் ஊராட்சி வார்டு உறுப்பினர். வருடா வருடம் கல்லூரிப் பிள்ளைகள் வந்து கழிப்பறை இருக்கா, கடன் இருக்கா என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். எங்களுக்கு என்ன லாபம்?

அம்மா, நீங்கள் கேட்பது நியாயம். கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கும் மத்திய அரசின் உன்னத் பாரத் திட்டம் 2014இல் வந்த பிறகு, அதில் சேர்ந்த ஒவ்வொரு கல்லூரியும் ஐந்து கிராமம் என்று எடுத்துக்கொள்கிறது. கணக்கெடுப்பும் கூடிவிட்டது.

எழுதியதைத் தமிழில், எல்லாருக்கும் புரிகிற மாதிரி, கிராம சபையில் வாசித்துக் காட்டுவதாக ஒத்துக்கொண்டால்தான் கணக்கெடுக்க விடுவோம் என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் ஒரு நாள் கல்லூரிக்கு ஒழியாதா என்ன? ஓடாத பம்பும் எரியாத விளக்கும் அங்கே தீர்மானமாகப் பதிவானால் நீங்கள் கையில் பிடித்துக்கொள்ள ஒரு தாள் இருக்கும். அடுத்த வருடம் வருபவர்களிடம் போன வருடத் தாளைக் கேளுங்கள். கொண்டுவரவில்லையா, டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

முகாம், முகாம் என்று போனால் மகளின் படிப்பு கெடாதா?

ஏழு நாளில் கெடாது.

ஆய்வு மாணவன். முன்மாதிரி ஏதாவது சொல்லுங்கள் ஐயா.

திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய இடம். 1956இல் கிராமிய நிறுவனம், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்குவது அங்கே படிப்போடு சேர்ந்தது. ஓய்ந்த நேரத்துத் தொண்டு அல்ல. எனக்குப் பிடித்தது அதுதான்.

இன்னொன்று, 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம். ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் நடத்தியதல்ல, ஆனாலும் அதைப் படியுங்கள். சைக்கிள் வந்ததும் வேலைக்கோ சந்தைக்கோ போக அண்ணனையும் புருஷனையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. நம் கல்லூரிகளின் விழிப்புணர்வுப் பேரணி எதிலும் அப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை.

முகாமில் சாதி பற்றிப் பேச வேண்டாம், பிரச்சினை வரும் என்கிறார் எங்கள் முதல்வர். என்ன செய்வது?

பேச்சை விடுங்கள். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவைச் சொற்பொழிவாக்கினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். முதல் நாளே யார் தண்ணீர் தூக்குவது, யார் பரிமாறுவது, யார் எல்லார் தட்டையும் கழுவுவது, யார் கழிப்பறையைச் சுத்தம் செய்வது என்று சீட்டுக் குலுக்கிப் பட்டியல் ஒட்டுங்கள். உங்கள் பெயரும் அதில் இருக்கட்டும். எனக்கு ஒரு வருடம் மூன்று நாள் தொடர்ந்து கழிப்பறைதான் விழுந்தது. பையன்களுக்கு ஒரே குஷி. ஆனால் ஒருவன் மட்டும் என்னிடமிருந்து துடைப்பத்தைப் பிடுங்கப் பார்த்தான். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று பிறகுதான் தெரிந்தது. அன்று சாயங்காலம் அவன் பேசியதை உங்கள் முதல்வரும் கேட்டிருக்க வேண்டும்.