கீபோர்டை ஓரமாக வையுங்கள், குமிழைப் பிடியுங்கள்!

கேள்வி: காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மேம் எமுலேட்டரில் டெம்பஸ்ட், அர்கனாய்டு இரண்டையும் ஆடிப் பார்த்தேன். ஊரே புகழும் விளையாட்டுகள், எனக்கு மட்டும் சலிப்பாக இருக்கிறது. கீபோர்டில்தான் ஆடுகிறேன். ஸ்பின்னர் என்கிற சுழல் குமிழ் வாங்கினால் மாறுமா?
– வாசகர், கோவை

நிச்சயம் மாறும். கீபோர்டில் அம்புக்குறியை அழுத்தினால் ஒரே வேகத்தில் போகும், விட்டால் நின்றுவிடும், அவ்வளவுதான். 1981-ல் அடாரி வெளியிட்ட டெம்பஸ்ட் பெட்டியில் ஜாய்ஸ்டிக்கே கிடையாது. முட்டாமல் தடுக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு குமிழும் சில பட்டன்களும்தான். தடம் தடமாகப் பிரிந்த குழாயின் விளிம்பில் ஓடி, உள்ளிருந்து ஏறிவரும் எதிரிகளைச் சுடும் விளையாட்டு இது. விரலால் மெல்ல நகர்த்தினால் பக்கத்துத் தடத்துக்குப் போவீர்கள், ஒரு சுண்டு சுண்டினால் எதிர்ப்பக்கத்துக்கே பாய்ந்துவிடுவீர்கள். எதிரிகள் வரும் வேகம் இதை நம்பித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. 1986-ல் டைட்டோ கொண்டுவந்த அர்கனாய்டும் (மட்டையை இடம் வலம் நகர்த்திப் பந்தால் செங்கற்களை உடைப்பது) இதே ரகம். கீபோர்டில் ஆடினால் அந்த விளையாட்டில் பாதிதான் உங்களுக்குக் கிடைக்கிறது என்பேன்.

ஆனால் உடனே காசை எடுக்காதீர்கள். கம்ப்யூட்டரின் கண்ணுக்கு ஸ்பின்னர் என்பது இடம் வலம் மட்டும் நகரும் மவுஸ், டிராக்பால் (இருந்த இடத்திலேயே கையால் உருட்டும் பந்து) என்பது முழு மவுஸ். ஆகவே கையில் இருக்கும் மவுஸை வைத்தே முதலில் ஆடிப் பாருங்கள். மேமின் அமைப்புக் கோப்பில் மவுஸ் என்ற வரிக்கு எதிரே 0 இருந்தால் 1 என்று மாற்றுங்கள், அது போதும். அர்கனாய்டு மவுஸிலேயே அருமையாக வரும். டெம்பஸ்டில்தான் ஒரே பக்கம் சுற்றிக்கொண்டே போகும்போது மவுஸ் மேட் தீர்ந்துபோய், தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். அந்த எரிச்சல் வந்துவிட்டதென்றால் உங்களுக்கு ஸ்பின்னர் தேவை என்று அர்த்தம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து ஸ்பின்னர் வரவழைக்கக் கட்டுப்படியாகாது. நானே செய்ய முடியுமா?
– வாசகர், திருச்சி

தாராளமாக. சுற்றுக்கு 600 துடிப்பு தரும் ஆப்டிகல் ரோட்டரி என்கோடர் (குமிழ் திரும்புவதை மின்துடிப்புகளாக மாற்றித் தரும் கருவி) ஒன்று, ஆர்டுயினோ புரோ மைக்ரோ போர்டு (நாமே புரோகிராம் எழுதி ஏற்றும் சின்ன சர்க்யூட் போர்டு) ஒன்று, கனமான அலுமினியக் குமிழ் ஒன்று, இவ்வளவுதான் செலவு. சென்னையில் இருப்பவர்கள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு நடை போய்க் கேட்கலாம், மற்றவர்களுக்கு ஆன்லைன் இருக்கிறது. புரோ மைக்ரோவைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அது யுஎஸ்பியில் தன்னை மவுஸ் என்றே அறிவித்துக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டாம். சாதாரண ஆர்டுயினோ ஊனோவில் இது இத்தனை சுலபமாக நடக்காது. என்கோடரின் இரண்டு சிக்னல் ஒயர்களை 2, 3 எண் பின்களில் கொடுங்கள், இரண்டும் இன்டரப்ட் பின்கள், அதாவது துடிப்பு வந்ததுமே மற்ற வேலையை நிறுத்திவிட்டு போர்டு அதைக் கவனிக்கும். என்கோடருக்குள் துளையிட்ட ஒரு தட்டு சுற்றுகிறது, அதை இரண்டு ஒளி உணரிகள் சற்றே தள்ளித் தள்ளி நின்று பார்க்கின்றன. எது முந்திச் சிக்னல் தருகிறதோ அதை வைத்துத்தான் திசை தெரிகிறது. உருண்டை வைத்த பழைய மவுஸுக்குள் இருந்ததும் இதேதான்.

ஒன்று மட்டும் கேளுங்கள்: கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று டிக் டிக்கென்று திரும்பும் சின்ன என்கோடரை வாங்கிவிடாதீர்கள். சுற்றுக்கு இருபது படிதான் வரும், சுண்டினால் சுற்றவும் சுற்றாது. குமிழின் எடையிலும் கஞ்சம் வேண்டாம். விட்ட பிறகும் தன் வேகத்தில் நாலு சுற்றுச் சுற்ற வேண்டும், டெம்பஸ்டின் சுகமே அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ஸ்பின்னர் செய்து மாட்டிவிட்டேன். மெதுவாகத் திருப்பினால் சரி, வேகமாகத் திருப்பினால் டெம்பஸ்டில் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஏன்?
– வாசகர், மதுரை

பலரும் என்கோடர் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போடும் இடம் இது, போட்டுவிடாதீர்கள்! டெம்பஸ்ட் குமிழின் நிலையை 4 பிட்டில் எண்ணுகிறது. 0 முதல் 15 வரை போய், மறுபடி 0. விளையாட்டு அவ்வப்போது எட்டிப் பார்த்து, போன தடவை இருந்த எண்ணோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் கிட்டமோ அந்தப் பக்கம் திரும்பியதாக எடுத்துக்கொள்ளும். இடையில் 3 படி நகர்ந்திருந்தால் குழப்பமில்லை. 12 படி நகர்ந்திருந்தால், வட்டத்தில் அது பின்னால் 4 படி போனதற்குச் சமம், ஆகவே நீங்கள் வலப்பக்கம் திருப்பினாலும் ஆட்டத்தில் இடப்பக்கம் ஓடுவீர்கள்.

அசல் டெம்பஸ்ட் குமிழ் ஒரு சுற்றுக்கு 72 எண்ணிக்கை. மேலே திருச்சி வாசகருக்குச் சொன்ன 600 துடிப்பு என்கோடரில் ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் எண்ணப்பட்டால் 2400. கிட்டத்தட்ட 33 மடங்கு! மேமில் டேப் விசையை அழுத்தி அனலாக் பகுதிக்குப் போய், சென்சிட்டிவிட்டியை (குமிழின் அசைவுக்கு ஆட்டம் எவ்வளவு நகர வேண்டும் என்ற அளவு) 100-லிருந்து 3-க்கு இறக்குங்கள் (72-ஐ 2400-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 3). அங்கிருந்து கைக்குப் பிடித்தபடி ஒன்றிரண்டு கூட்டிக் குறைக்கலாம். இந்த எண் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகவே வையுங்கள்.

அதன் பிறகும் எதிர்த்திசை வந்தால் போர்டு துடிப்புகளைத் தவறவிடுகிறது. விண்டோஸ் மவுஸ் அமைப்பில் சுட்டித் துல்லியத்தைக் கூட்டும் வசதியை அணைத்துவிட்டு, குமிழில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கால் சுற்று வேகமாகத் திருப்பி, மெதுவாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கர்சரும் கிளம்பிய இடத்துக்கே வர வேண்டும். வரவில்லையா, இன்டரப்ட் இல்லாமல் எழுதிய புரோகிராம்தான் பெரும்பாலும் காரணம்.

கேள்வி: சென்டிபீட், மார்பிள் மேட்னஸ் ஆட மேசை மேல் வைக்கும் டிராக்பால் போதுமா, ஆர்கேட் டிராக்பால்தான் வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

சென்டிபீடுக்குப் போதும். ஆனால் கட்டைவிரலால் உருட்டும் வகை வேண்டாம், கட்டைவிரல் சீக்கிரம் நோகும். கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மவுஸ் மாதிரி 55 மில்லிமீட்டர் பந்து நடுவில் இருக்கும் வகையைப் பாருங்கள், மூன்று விரலும் வைக்கலாம். மார்பிள் மேட்னஸ், கோல்டன் டீ கோல்ஃப் போன்றவற்றில் பந்தை உள்ளங்கையால் அறைந்து உருட்ட வேண்டும். அதற்கு மூன்று அங்குல ஆர்கேட் டிராக்பாலைப் பலகையில் திருகி மாட்டினால்தான் தாங்கும். 1984-ல் வந்த மார்பிள் மேட்னஸ் பெட்டியில் டிராக்பாலையே 45 டிகிரி சாய்கோணத்தில் திருப்பிப் பொருத்தியிருந்தார்கள். நீங்கள் நேராகவே மாட்டுங்கள், அந்தத் திருப்பத்தை மேம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

எந்த டிராக்பாலானாலும் பந்து தடுக்கித் தடுக்கி உருண்டால் உடனே சென்சிட்டிவிட்டியை நோண்ட வேண்டாம். பந்தைக் கழற்றி, அது உட்காரும் மூன்று புள்ளிகளில் ஒட்டியிருக்கும் அழுக்கைக் காது பஞ்சால் துடைத்துவிட்டு அப்புறம் பாருங்கள்.