கறையானைப் படித்தால் வேலை கிடைக்குமா?

ஐயா, வணக்கம். ‘வீட்டு நிலைக்கதவை அரிக்கிற பூச்சியைப் படித்தால் யார் சம்பளம் தருவார்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பி.எஸ்சி. விலங்கியல் கடைசி ஆண்டில் இருக்கும் மகள் கறையானைத்தான் ஆராய்வேன் என்னும்போது இந்தக் கவலை வரத்தான் செய்யும். ஆனால் முதலில் பூச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

உலகில் சுமார் 3,000 கறையான் இனங்கள் உண்டு. மரச்சாமானுக்கும் பயிருக்கும் கேடு செய்பவை அவற்றில் கொஞ்சம்தான். மற்றவை சருகையும் பட்ட மரத்தையும் மட்கச் செய்து மண்ணுக்கே திருப்பித் தருகின்றன. மழைக்குப் பின் புற்றுக்காளான் பறித்துக் குழம்பு வைத்திருப்பீர்கள். அது கறையான் புற்றுக்குள் பயிர் செய்யும் பூஞ்சையிலிருந்து முளைப்பது. மலேசியாவின் சபா மழைக்காட்டில் சில இடங்களில் மட்டும் விஷம் வைத்துக் கறையானைக் குறைத்துப் பார்த்தார்கள். 2015-16இல் பசிபிக் கடல் சூடேறியதால் வந்த எல் நினோ வறட்சியின்போது, கறையானை விட்டுவைத்த இடங்களில்தான் மண்ணில் ஈரம் அதிகம் நின்றது, கன்றுகளும் அதிகம் பிழைத்தன. வறட்சி கூடிவரும் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை, ஐயா. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் கறையான் புற்றுகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். எம்.எஸ்சி.க்கு மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்துக்கும் முயலலாம். அப்புறம் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. ஆக, முனைவர் பட்டத்துக்குப் படிக்கையில் ஐந்து வருடம் வரை உங்களிடம் கைநீட்ட வேண்டியதில்லை. ஆனால் நிரந்தர வேலை பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டித்தான் அமையும். இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. கல்யாணப் பேச்சையும் இதை மனதில் வைத்தே பேசுங்கள்.

வேலை கல்லூரிகளில் உண்டு, ஆராய்ச்சி நிலையங்களில் உண்டு. மரத்தைக் கறையானிடமிருந்து காப்பதை ஆராயும் மர அறிவியல் நிறுவனமும் பெங்களூரிலேயே இருக்கிறது. புற்றைக் காவல் காக்கும் சிப்பாய்க் கறையானின் தலையையும் தாடையையும் பார்த்து இனம் பிரிக்க அவள் இப்போதே பழகட்டும். புள்ளியியலையும் விட வேண்டாம். இந்த இரண்டும் கைவசம் இருந்தால் வேறு பூச்சி ஆராய்ச்சிக்கும் போகலாம்.

பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். இந்தக் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஏதாவது ஒரு ஆய்வுக் குழுவுடன் அவளைக் களத்துக்கு அனுப்புங்கள். வெயிலில் குத்துக்காலிட்டு மண்ணைக் கிளறி, ஒவ்வொரு பூச்சியாக எண்ணிக் குறித்துவிட்டு வரட்டும். அதன் பிறகும் கறையான்தான் என்றால், விண்ணப்பத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.