உங்கள் உடம்பில் என்னென்ன டாட்டூ இருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம்?

கேள்வியோடு இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: "நானும் ஒன்று குத்திக்கொள்ளப் போகிறேன், அர்த்தமுள்ளதாக எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரே குழப்பம்." அந்த வரிக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னிடம் ஐந்து இருக்கின்றன. ஒரு மீன், ஒரு சொல், மூன்று புள்ளிகள்.

மீனை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. வலது கணுக்காலில், கட்டைவிரல் நகம் அளவு. தோழி ஒருத்தி குத்திக்கொள்ளப் போனாள். துணைக்குப் போன நான் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அவள் தேர்ந்தெடுத்த அதே மீனை எனக்கும் போடச் சொன்னேன். அர்த்தம் ஒன்றும் கிடையாது. யாராவது கேட்டால் "எதிர்நீச்சல்" என்று கொஞ்ச காலம் கதை விட்டிருக்கிறேன். பிறகு அவள் சேர்ந்த வேலையில் டாட்டூ வெளியே தெரியக் கூடாது என்றார்கள். லேசரில் அழித்தாள். ஒரே தடவையில் போய்விடும் என்று நினைத்திருந்தாள், பாவம். லேசர் மையைத் தூளாக்கத்தான் செய்யும். தூளை அள்ளிக்கொண்டு போவது உடம்பின் வேலை. வாரக்கணக்கில் இடைவெளி விட்டு ஏழெட்டு முறை போக வேண்டியிருந்தது. கறுப்புக் கோடு சீக்கிரம் போனது, செதிலில் இருந்த பச்சைதான் கடைசிவரை அடம்பிடித்தது. இப்போது அவள் காலில் மீன் இல்லை. என்னுடையது மட்டும் ஒற்றையாக நீந்துகிறது.

அடுத்தது அந்தச் சொல். இடது மணிக்கட்டின் உள்பக்கம்: "அஞ்சேல்".

23 வயதில் குத்திக்கொண்டது. அப்போது எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் பயம், நாலு பேர் இருக்கும் அறையில் வாயைத் திறக்கப் பயம். அந்தப் பயத்தாலேயே ஒரு வேலையை விட்டிருந்தேன். அதனால், அர்த்தமுள்ள டாட்டூ என்றால் இதைவிட அர்த்தமுள்ளது இருக்க முடியாது என்று ஆறு மாதம் யோசித்து முடிவு செய்தேன். "பயப்படாதே" என்றால் சாதாரணமாக இருக்கிறதாம், "அஞ்சேல்" என்றால் கம்பீரமாம். பிறர் பார்வைக்கு நேராக இருக்கும்படிதான் எழுத்தைப் போடுவது வழக்கம் என்று குத்தியவர் சொன்னார். நான் விடவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தால் எனக்கு நேராகத் தெரிய வேண்டும், இது எனக்கு நான் சொல்லிக்கொள்வது என்றேன். அம்மா பார்த்துவிட்டு, "உடம்ப என்ன நோட்டுப் புத்தகம்னு நெனச்சியா?" என்று கேட்டதோடு சரி, பத்து நாள் பேசவில்லை.

பயம் போனதா என்றால், போகவில்லை. பயப்படும்போதெல்லாம் மணிக்கட்டைப் பார்க்கும் பழக்கம் வந்தது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், தமிழ் எழுத்தில் குத்திக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது உதவும். தோலுக்குள் போன மை போட்ட இடத்திலேயே அசையாமல் இருக்காது. வருடங்கள் போகப் போகக் கோடு கொஞ்சம் தடிக்கும், ஓரம் கசியும். ஆங்கில எழுத்து பலவற்றுக்கு அது பெரிய சேதமில்லை. நம் எழுத்தோ சுழியாலும் கொம்பாலும் ஆனது. 'ஞ' போன்ற எழுத்தைச் சின்னதாக எழுதினால் பத்து வருடத்தில் உள்ளே இருக்கும் இடைவெளி அடைத்துக்கொள்ளும். எனக்கு அதுதான் நடந்தது. நடுவில் ஒரு கறுப்புக் கட்டி, இரண்டு பக்கமும் ஏதோ எழுத்து. மேலே இருந்த புள்ளியும் அதோடு சேர்ந்து கரைந்துவிட்டது. நிறமும் மாறியது. கறுப்பு மைதான் போட்டார்கள். ஆனால் தோலின் அடியிலிருந்து வரும்போது ஒளி சிதறுவதால் அது நீலமாகவோ பச்சையாகவோ தோன்றும். "பச்சை குத்துவது" என்று பெயர் வைத்தவர்கள் உற்றுப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

38 வயதில் இடது மார்பில் கட்டி. புற்றுநோய்தான். ஆரம்ப நிலை, அறுவை சிகிச்சை செய்து கட்டியை மட்டும் எடுத்தார்கள். அதோடு அக்குளில் ஓரிரு நிணநீர்க் கணுக்களையும் எடுப்பார்கள். மார்பில் நீலச் சாயத்தை ஊசி வழியாக ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் கணு எதுவென்று பார்த்து, நோய் பரவியிருக்கிறதா என்று சோதிக்க அதை வெட்டி அனுப்புவது வழக்கம். என்னிடம் இரண்டு எடுத்தார்கள். அதில் ஒன்று கறுப்பாக இருந்திருக்கிறது.

மறுநாள் அறுவை சிகிச்சை மருத்துவர் வந்து சொன்னார்: "அதப் பாத்ததும் எனக்கே ஒரு நிமிஷம் திக்குனு இருந்துச்சும்மா. அப்புறம் உங்க கையப் பாத்தேன்." பரிசோதனை அறிக்கையிலும் அதுதான் வந்தது. கறுப்பு நிறமி, பச்சை குத்திய மை. புற்றுச் செல் இல்லை.

அதாவது, 15 வருடமாக என் மணிக்கட்டிலிருந்து "அஞ்சேல்" துளித்துளியாகக் கிளம்பி அக்குளுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு இது தெரியவே தெரியாது. படுக்கையில் கிடந்தபடி தேடிப் படித்தேன். மேல்தோல் சுமார் ஒரு மாதத்தில் உதிர்ந்து புதிதாகிவிடும். அதனால் ஊசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே போய் அடித்தோலில்தான் மையை வைக்கிறது. வெளிப்பொருள் வந்துவிட்டது என்று மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கும் செல்கள் ஓடிவந்து மையை விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. ஒரு பகுதி மை நிணநீரோடு கிளம்பி கணுக்களில் போய்த் தங்குகிறது. இருக்கும் செல்லும் நிரந்தரமில்லை. மார்செய் நகரத்து ஆய்வாளர்கள் 2018இல் எலி வாலில் பச்சை குத்திப் பார்த்தார்கள். மையை வைத்திருந்த செல்களை அழித்தபோதும் டாட்டூ அப்படியே இருந்தது. செத்த செல் சிந்திய மையைப் புதிதாக வந்த செல்கள் விழுங்கிக்கொண்டன. ஆகவே 23 வயதில் என் பயத்துக்கு மருந்தாக மையை வாங்கிக்கொண்ட செல்கள் போய்ச் சேர்ந்து பல காலமாகியிருக்க வேண்டும். இப்போது பிடித்துக்கொண்டிருப்பவை வேறு.

இனி மூன்று புள்ளிகள். என்னைக் கேட்டால் உண்மையான டாட்டூ அவைதான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு கதிர்வீச்சு. 15 நாள், வாரத்துக்கு 5 நாளாக 3 வாரம். ஒவ்வொரு நாளும் மில்லிமீட்டர் பிசகாமல் அதே இடத்தில் அதே கோணத்தில் படுக்க வேண்டும். அதற்கு அடையாளமாக மூன்று இடத்தில் நிரந்தரப் புள்ளி வைப்பார்கள். நெஞ்செலும்பின் மேல் ஒன்று, இரண்டு விலாப்பக்கமும் ஒவ்வொன்று. ஒரு சொட்டு கறுப்பு மையைத் தோலில் விட்டு அதன் நடுவே ஊசியால் ஒரே குத்து. குண்டூசித் தலை அளவு. மணிக்கட்டில் ஒரு சொல்லுக்கு ஆறு மாதம் யோசித்தவள் நான். இங்கே இரண்டு நிமிடத்தில் மூன்று டாட்டூ. எங்கே வேண்டும், என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சிகிச்சை அறையில் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் லேசர் கோடுகள் விழும். அவை சந்திக்கும் இடமும் என் புள்ளியும் ஒன்றாகும்வரை அடியிலிருக்கும் விரிப்பைப் பிடித்து என்னை இழுத்து நகர்த்துவார்கள். "ரெண்டு மில்லி மேல... போதும்." பிறகு எல்லோரும் வெளியே போய்க் கதவை மூடிக்கொள்வார்கள். (இப்போது உடம்பின் மேற்பரப்பைக் கேமராவால் கவனித்துப் புள்ளியே வைக்காமல் செய்யும் முறையும் பல இடங்களில் வந்துவிட்டது.)

அந்த மூன்று வாரத்தில்தான் ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கிடைத்த மனிதனைப் பற்றிப் படித்தேன். ஓட்ஸி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், 5,000 வருடத்துக்கு மேல் பழைய உடல். அவன் மேல் 61 பச்சைக் குறிகளை எண்ணியிருக்கிறார்கள். மிருகம், தெய்வம், பூ எதுவும் இல்லை. சின்னச் சின்னக் கோடுகளும் ஒன்றிரண்டு சிலுவை வடிவங்களும்தான். இடுப்புப் பக்கம், முழங்கால், கணுக்கால் என்று பல குறிகள் அவனுக்கு எலும்பு தேய்ந்திருந்த இடங்களில் இருக்கின்றன. வலிக்குச் செய்த வைத்தியமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலருடைய ஊகம். பெரும்பாலானவை துணிக்குள் மறைந்திருக்கும் இடங்கள். யாரிடமும் காட்ட அல்ல, "இங்கே வலிக்கிறது" என்று மட்டும் சொல்கிற குறிகள். அதைப் படித்த அன்று என் விலாப்பக்கப் புள்ளியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அவனோடு ஏதோ சொந்தம் மாதிரி இருந்தது. சிரிக்காதீர்கள்.

சிகிச்சை முடிந்ததும் ஆளாளுக்கு யோசனை. புள்ளியைச் சுற்றிப் பூ வரையலாம், மூன்றையும் இணைத்து நட்சத்திரக் கூட்டமாக்கலாம், பட்டாம்பூச்சி வைக்கலாம். அப்படிச் செய்துகொள்கிறவர்கள் உண்டு. கண்ணாடியில் ஒவ்வொரு நாளும் அந்தப் புள்ளியைப் பார்க்கச் சகிக்காதவர்கள் லேசரில் எடுத்துவிடுவதும் உண்டு, அது அவரவர் மனசு. நான் எதுவும் செய்யவில்லை. கதிர்வீச்சு எந்த எல்லைவரை பட்டது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம், பின்னால் மருத்துவருக்குத் தேவைப்படலாம் என்று சொன்னது ஒரு காரணம். இன்னொன்று, எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாதது. என் பையனுக்கு அப்போது ஆறு வயது. நெஞ்சில் இருக்கும் புள்ளியைப் பார்த்து "அம்மா, பேனா பட்டிருக்கு" என்று ரப்பரை எடுத்து வந்து அழிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் அழிக்க விட்டேன். தோல் சிவந்ததே தவிரப் புள்ளி போகவில்லை. "இது போகாதா?" என்றான். போகாது என்றேன். "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். அதற்கு மேல் அதைச் சுற்றிப் பூ வரைய எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வேடிக்கை. தமிழில் புள்ளி வைத்த எழுத்துக்கு மெய் என்று பெயர், மெய் என்றால் உடம்பும்தான். மணிக்கட்டில் எழுத்தின் மேலிருந்த புள்ளி கரைந்து போனது, உடம்பில் மூன்று வந்து சேர்ந்தன.

சரி, உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். எதைக் குத்துவது என்று நான் சொல்ல மாட்டேன். யோசித்துத் தேர்ந்தெடுத்த சொல் எனக்கு எதற்குப் பயன்பட்டது என்று மேலே பார்த்தீர்கள். ஆனால் எப்படிக் குத்துவது என்பதில் சில வார்த்தை உண்டு. தமிழ் எழுத்தென்றால் நீங்கள் நினைத்ததைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகப் போடுங்கள். தோலில் பதிக்கும் அச்சை ஒட்டியதும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள், ல, ள, ழ மூன்றையும் இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள். ஊசியை உங்கள் கண்ணெதிரே உறையிலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள், மைப்புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடம் வேண்டாம். மை விஷயத்தில் இது வெறும் சந்தேகமில்லை; ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. ரத்த தானம் செய்பவரென்றால் குத்தியபின் சில மாதம் செய்ய முடியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் அறுவை சிகிச்சையின்போதும் டாட்டூ இருப்பதைச் சொல்லிவிடுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். என் கணுவின் கதை அதற்குத்தான்.

மணிக்கட்டு எழுத்தை மறுபடி குத்திச் சரிசெய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். கணு எடுத்த பக்கத்துக் கையில் நிணநீர் தேங்கி வீங்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அந்தக் கையில் புதிதாக ஊசி படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அந்த 'ஞ' இனி அப்படியேதான்.

அதைச் சொன்னதும்தான் நினைவுக்கு வருகிறது. கதிர்வீச்சுக்குக் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துப் படுக்க வேண்டும். தலைமாட்டில் நிற்பவருக்கு என் மணிக்கட்டு தலைகீழாகத் தெரியும். முதல் நாள் என்னைச் சரியாகப் படுக்கவைத்துக்கொண்டிருந்த தொழில்நுட்பப் பெண், வயது 25 இருக்கும், குனிந்து படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏஞ்சலா? உங்க பொண்ணாக்கா?" நான் வாயைத் திறப்பதற்குள் "அசையாதீங்க, அசையாதீங்க" என்றாள். பிறகு விளக்கு மங்கியது, அவள் வெளியே போய்விட்டாள். அடுத்த நாள் சொல்லலாம் என்று விட்டேன், அடுத்த நாளும் அப்படியே ஆனது. அதற்கப்புறம் திருத்துவது ஒரு மாதிரியாக இருந்தது.

15ஆம் நாள் முடிந்து நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கதவுப் பக்கம் நின்று கையை ஆட்டினாள். "ஏஞ்சலக் கேட்டதாச் சொல்லுங்கக்கா."

சொல்கிறேன் என்றேன்.