வெட்டவெளிக் கல்லறைத் தோட்டத்தில் எடுக்கும் படங்களில் வெளிச்சத்தையும் ஃபிரேமையும் எப்படிச் சரிசெய்வது?

வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டங்களைப் படமெடுப்பதாகவும், கல்லில் எழுத்தே தெரியாமல் வெளிறிப்போவதாகவும், ஃபிரேம் முழுக்கச் சிலுவையும் செடியுமாகக் குழம்பிக் கிடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் காட்பாடியில் கல்யாண ஃபோட்டோ எடுத்துப் பிழைக்கிறவன். கல்லறை என் தொழில் இல்லை. ஆனால் ஒரே ஒரு கல்லிடம் நன்றாக அடிபட்டிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன், வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் கல்லறையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னது. பெயரும் தேதியும் படிக்கும்படி இருந்தால் போதும் என்றார்கள். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து 11 மணிக்குப் போனேன். தரையோடு தரையாகப் படுத்திருந்த பலகைக் கல். சுற்றிச் சுற்றி வந்து நூறு படமாவது எடுத்திருப்பேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் பொரிக்காத அப்பளம் மாதிரி ஒரு கல், அதில் அங்கங்கே மிளகுப் புள்ளி. ஃபிளாஷ் போட்டு எடுத்தவை இன்னும் மோசம், இருந்த கொஞ்ச நிழலையும் அது தின்றுவிட்டது.

மறுபடி போனபோது, அங்கே சருகு பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: "உச்சிவெயில்ல வந்தா இன்னா தெரியும் நைனா? நாலரைக்கு மேல வா. நானே கண்ணாடி இல்லாம படிப்பேன்." சாயங்காலம் போனேன். வெயில் கல்லின் மேல் உரசிக்கொண்டு போனது. செதுக்கிய ஒவ்வொரு எழுத்தின் ஒரு விளிம்பிலும் மயிரிழை மாதிரி நிழல். காலையில் நான் வெறும் கீறல் என்று நினைத்தது 'பிறப்பு' என்ற சொல். அதில் மெய்யெழுத்தின் புள்ளிகூடக் குழியாகத் தெரிந்தது. நான்கு படம்தான் எடுத்தேன், நான்கும் தேறின.

ஆகவே கேமராவை மாற்ற வேண்டாம், மணியை மாற்றுங்கள். எழுத்து என்பது கல்லில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் பள்ளம், அவ்வளவுதான். வெளிச்சம் பக்கவாட்டில் உரசினால்தான் பள்ளத்துக்கு நிழல் வரும். படுத்திருக்கும் கல்லுக்குக் காலையும் மாலையும் சாய்வெயில் வேண்டும். வேலூர் ஊருக்குள் ரொம்பச் சீக்கிரம் போய் நிற்காதீர்கள். கிழக்கே சஜ்ஜராவ் மலையும் மற்ற கோட்டை மலைகளும் மறிப்பதால் வெயில் தரைக்கு இறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

நிற்கும் கல்லுக்குக் கணக்கே வேறு. நடுப்பகலில் படமெடுக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், நிமிர்ந்த கல்லுக்கு அது அப்படியே பொருந்தாது. நம் ஊரில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் 12:15 வாக்கில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த வெளிச்சம் நிற்கும் கல்லின் முகத்தில் மேலிருந்து கீழாக வழியும், எழுத்து புடைத்துக்கொண்டு தெரியும். இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். வருஷத்தில் பாதிக்கு மேல் இருட்டாகவே கிடக்கும் வடக்குப் பார்த்த கல்லுக்கு அதுதான் நல்ல காலம். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்நேரமும் நிழலில் இருக்கும் கல்லுக்குக் கண்ணாடி உதவும். அலமாரிக் கதவில் இருக்கும் அளவுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கூட வருகிறவர் வெயிலில் தள்ளி நின்று, கல்லின் பக்கத்திலிருந்து வெளிச்சத்தைத் திருப்பிவிட்டால் அதே சாய்வெயில் கிடைத்துவிடும். சாக்பீஸ், மாவு, ஷேவிங் நுரை என்று எதையும் எழுத்தில் தேய்க்காதீர்கள். பழைய கல் பொரிந்துபோகும்.

புதுக் கல்லறைகளில் பளபளக்கும் கறுப்பு கிரானைட் இன்னொரு தலைவலி. முதல் முயற்சியில் எனக்குப் பெயருக்கு நடுவே என் தொப்பைதான் விழுந்தது. கொஞ்சம் ஓரமாக நின்று எடுங்கள். கல்லில் எது தெரிகிறதோ அந்தத் திசையில் ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தால் பிரதிபலிப்பு அடங்கும். லென்ஸ் முன்னால் மாட்டிப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் இருந்தால் இன்னும் நல்லது. கறுப்புக் கல்லுக்கு எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறையுங்கள், சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சமாதிக்கு முக்கால், ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கேமராவை அதன் இஷ்டத்துக்கு விட்டால் இரண்டையும் சாம்பலாக்கிவிடும்.

வேப்பமரத்தடியில் கல் முழுக்க வெயில் பொட்டு விழுகிறதா? இரண்டு பேர் ஒரு வெள்ளை வேட்டியை மேலே விரித்துப் பிடித்தால் சரியாகிவிடும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஃபிரேம் விஷயத்தில் என் கருத்து ஒன்றுதான்: தோட்டத்தை எடுக்காதீர்கள், ஒரு கல்லை எடுங்கள். முட்டி போட்டுக் கல்லின் உயரத்துக்கு வாருங்கள். சிலுவையின் கைக்குப் பின்னால் கரண்டுக் கம்பியோ பனையோ முளைத்திருந்தால் அரை அடி நகருங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். பின்னால் மலை வேண்டுமென்றால் வைடு லென்ஸோடு கிட்டே போகக் கூடாது. தள்ளிப் போய் ஜூம் செய்யுங்கள், பாறை மலை கல்லின் தோளுக்கே வந்து நிற்கும். கோடையில் வானம் வெறும் வெள்ளைத் தாள், அதை வெட்டிவிடுங்கள். திப்பு குடும்பத்தார் கல்லறைகள் இருக்கும் இடத்தில் குவிமாடம் மொத்தத்தையும் அடக்கப் பார்த்து நானும் தோற்றிருக்கிறேன். ஒரு வளைவு வழியாக ஒன்றை மட்டும் எடுத்தபோதுதான் படமாக வந்தது. பாலாற்றங்கரையில், 1832-ல் வேலூரில் இறந்த கண்டியின் கடைசி மன்னர் சமாதி இருக்கும் முத்து மண்டபத்திலும் இப்படித்தான். வெளி வெயிலை மறந்துவிட்டு உள்ளே இருக்கும் நிழலுக்கு எக்ஸ்போஷர் வையுங்கள்.

வருஷத்தில் ஒரு நாள்தான் போக முடியும் என்றால் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று போங்கள். ஐந்தே முக்காலுக்குச் சூரியன் இறங்கியதும் இருபது நிமிஷம் வானம் நீலமாக இருக்கும், மெழுகுவர்த்தி மஞ்சளாக இருக்கும், இரண்டும் ஒரே அளவில் நிற்கும் நேரம் அது. கேமராவுக்கு முக்காலி வேண்டும், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கல்லறையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குடும்பத்திடம் முதலில் கேளுங்கள். எனக்குத் தெரிந்து பெரும்பாலும் நகர்ந்து இடம் விடுவார்கள். சிலர் கையில் ஒரு மெழுகுவர்த்தியையும் கொடுத்துவிடுவார்கள். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அதை ஏற்றி வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள்.