மலையை வரைய விரும்புவோர் கேட்டவை: ஓவியரின் பதில்கள்

நிலக்காட்சி ஓவியம் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், மலைகளையும் குன்றுகளையும் வரைவது தொடர்பானவை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

கேள்வி: நான் வசிக்கும் இடத்தைச் சுற்றி இருப்பவை சிறு குன்றுகள்தாம். பனி மூடிய சிகரமோ பேரருவியோ கிடையாது. வரையத் தகுந்த காட்சி கண்ணில் படவில்லையே என்ற ஏக்கம் எப்போதும் இருக்கிறது. நெடும்பயணம் போகாமல் ஒருவர் நிலக்காட்சி ஓவியராக முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். புதிய இடத்துக்குப் போனவுடன் கண் வியப்பில் மயங்கிவிடுகிறது. அந்த வியப்பில், ஏற்கெனவே படங்களில் பார்த்துப் பழகிய மலையைத்தான் கை வரைந்து வைக்கிறது. தினமும் பார்த்துச் சலித்த குன்றின் முன் அமரும்போது அந்த ஆபத்து இல்லை. எந்தப் பாறையில் காலை வெயில் முதலில் படுகிறது, மழை ஓய்ந்த மறுநாள் எந்தச் சரிவு மட்டும் கறுத்துக் கிடக்கிறது, கோடையில் எந்தப் புதர் கடைசியாகக் காய்கிறது என்பதையெல்லாம் அருகில் குடியிருப்பவரால்தான் அறிய முடியும். ஓவியத்துக்கு வேண்டிய செய்தி இவற்றில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பிரெஞ்சு ஓவியர் பால் செசானைப் பாருங்கள். தாம் பிறந்த எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் சாந்த் விக்துவார் என்ற சுண்ணாம்புப்பாறை மலையை அவர் எண்ணெய் வண்ணத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட முறை வரைந்திருக்கிறார்; நீர்வண்ணப் படங்கள் தனி. அந்த மலையின் உயரம் ஏறக்குறைய 1,000 மீட்டர்தான். ஆல்ப்ஸ் சிகரங்களோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. 1880களில் அவர் வரைந்த புகழ்பெற்ற ஒரு படத்தில், முன்னால் நிற்கும் பைன் மரத்தின் கிளைகள் தொலைவில் உள்ள மலைமுகட்டின் கோட்டை அப்படியே பின்தொடர்ந்து வளைகின்றன. கீழே சமவெளியில் ரயில் பாலம் ஒன்று தெரிகிறது. கடைசி ஆண்டுகளின் படங்களிலோ மரமும் பாலமும் மறைந்து, நீலமும் பச்சையும் காவியுமான திட்டுகளாலேயே மலையும் வானமும் வயலும் எழுப்பப்பட்டிருக்கின்றன. ஒரே மலையோடு இருபது ஆண்டுகளுக்கும் மேல் பழகியதால் விளைந்த மாற்றம் இது. 1902இல் அந்நகரை ஒட்டிய லே லோவ் சரிவில் தமக்கென ஓர் ஓவியக்கூடம் கட்டிக்கொண்டார். அங்கிருந்து சற்று மேலேறினால் மலை முழுவதும் தெரியும். 1906 அக்டோபரில் வெளியில் வரைந்துகொண்டிருந்தபோது மழையில் சிக்கி நோயுற்று, சில நாட்களில் காலமானார்.

மலை எப்போதும் படத்தின் நடுவில் பெரிதாக நிற்க வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய், எழுபது வயதைத் தாண்டிய பருவத்தில், ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள் என்று தொடங்கிய மரச்செதுக்கு அச்சு வரிசை பின்னர் 46 படங்களாக விரிந்தது. அவற்றில் உலகம் நன்கறிந்த அலைப் படத்தில் மலை, சீறி எழும் அலைக்கு அடியில் ஒரு சிறு முக்கோணமாக மட்டுமே தெரிகிறது. உங்கள் குன்றையும் அப்படி ஒரு கதவிடுக்கில், ஒரு மரக்கிளையின் கீழ், வயல்வரப்பின் கோடியில் வைத்து வரைந்து பாருங்கள். வரையத் தகுந்த காட்சி இல்லை என்ற ஏக்கம் சில வாரங்களிலேயே போய்விடும்.

கேள்வி: தொலைவில் உள்ள மலைகளுக்கு நீலம் பூச வேண்டும் என்று படித்து, அப்படியே செய்கிறேன். ஆனாலும் அவை தூரத்தில் இருப்பதுபோல் தோன்றுவதில்லை. நீலத்தாளை வெட்டி ஒட்டியதுபோல் நிற்கின்றன. என்ன தவறு?

பதில்: மலைக்கு நீலம் பூசுகிறீர்கள், மலைக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கும் காற்றை வரையவில்லை. காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியின் குறுகிய அலைகளை, அதாவது நீலத்தை, மற்ற நிறங்களைவிட மிகுதியாகச் சிதறடிக்கின்றன. இடையில் உள்ள காற்றில் சிதறிய இந்த நீல வெளிச்சம் மலையின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. அது வெளிச்சமான பகுதிகளில் அவ்வளவாகத் தெரியாது. இருண்ட பகுதிகளில்தான் பளிச்சென்று தெரியும். ஆகவே தூரம் கூடக்கூட முதலில் மாறுவது நிழல்களே. பக்கத்துப் பாறையின் நிழல் கருமையாக இருக்கும்போது, அடுத்த மலையின் நிழல் வெளிறி நீலமாகிவிடும். வெயில் படும் சரிவோ இன்னும் தன் சொந்த நிறத்தை ஓரளவு வைத்திருக்கும். மிகத் தொலைவில் போனபிறகுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அழிந்து ஒரே பட்டையாகத் தோன்றும். நீங்கள் நிழலுக்கும் வெயிலுக்கும் ஒரே நீலத்தைப் பூசுவதால்தான் தாளை வெட்டி ஒட்டிய தோற்றம் வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொலைவிலுள்ள வெண்பாறையும் அடிவானத்துக்கு அருகில் நிற்கும் வெண்மேகமும் நீலமாவதில்லை. அவற்றிலிருந்து வரும் ஒளியில் உள்ள நீலம் வழியிலேயே சிதறிப் போவதால், அவை லேசான மஞ்சள் சாயலைப் பெறுகின்றன. அங்கே நீலம் தொட்டால் படம் கெட்டுவிடும்.

மலையின் அடிவாரம் உச்சியைவிட வெளிறியிருக்கும் என்பதை லியொனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். தரைக்கு அருகில் காற்று அடர்ந்திருப்பதும் ஈரமும் தூசியும் அங்கேயே தங்குவதும் இதற்குக் காரணம். நீர்வண்ணத்தில் இதைச் செய்வது எளிது: முகட்டிலிருந்து வண்ணத்தை இழுத்து வந்து, அடிவாரத்தை நெருங்கும்போது வெறும் தண்ணீர்த் தூரிகையால் கரைத்துவிட வேண்டும். அது நன்றாகக் காய்ந்தபிறகே முன்னால் உள்ள அடுத்த மலையின் முகட்டைத் தொட வேண்டும். பின்மலையின் வெளிறிய அடியும் முன்மலையின் அடர்ந்த முகடும் சந்திக்கும் அந்த இடத்தில், இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு தானாகவே உருவாகும்.

நாளுக்கு நாள் காற்று மாறும். தூசியும் பனித்துளியும் பெரிய துகள்கள். அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறடிப்பதால், புழுக்கமான நாளில் மலை நீலமாகத் தெரியாமல் சாம்பல் வெள்ளையாகத் தெரியும். நல்ல மழை காற்றைக் கழுவிவிட்ட மறுநாள் அதே மலை கறுத்து, நெருங்கி வந்து நிற்பதுபோல் இருக்கும். எனவே எந்த நீலம் என்று யாரையும் கேட்க வேண்டாம். ஒரு வெள்ளை அட்டையில் சிறு துளையிட்டு, அதைக் கையை நீட்டிப் பிடித்து, துளை வழியே அந்தச் சரிவை மட்டும் பாருங்கள். சுற்றியுள்ளவை மறைந்துபோவதால் அதன் உண்மை நிறம் புலப்படும். பல வேளைகளில் அது நீங்கள் நினைத்ததைவிட மிகவும் சாம்பலாக இருப்பதைக் காண்பீர்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் எங்கும் பச்சை. என் படங்களும் ஒரே பச்சையாகிவிடுகின்றன. ட்யூபில் வரும் எந்தப் பச்சையை வாங்கலாம்?

பதில்: சில காலம் எந்தப் பச்சையையும் வாங்காமல் இருங்கள். அல்ட்ராமரைன் நீலம், எல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சள், ஒரு எலுமிச்சை மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஆகிய நான்கைக் கொண்டே ஒரு மலைச்சரிவுக்கு வேண்டிய பச்சைகள் எல்லாவற்றையும் கலக்கலாம். பச்சை கண்ணை உறுத்துவதுபோல் தோன்றினால் சியன்னாவை ஒரு துளி சேர்த்தால் அடங்கும். விரிடியன் போன்ற பச்சைகளை அப்படியே பூசினால் அவை தாவரத்தின் நிறமாகத் தெரியாமல் வண்ணக் குழம்பாகவே தெரியும்.

எந்தப் பச்சையை எங்கே வைப்பது என்பதற்கு ஒரே ஓர் இலையை உற்றுப் பார்த்தால் போதும். வழவழப்பான இலையின் மேற்புறம் வானத்தைப் பிரதிபலிப்பதால், அங்கே நீலச் சாம்பல்தான் தெரியும். அதே இலையைச் சூரியனுக்கு எதிராகப் பார்த்தால், ஒளி அதனூடே புகுந்து வருவதால் மஞ்சள் மிகுந்த பச்சையாக ஒளிரும். மற்ற இடங்களில்தான் நாம் இலைப்பச்சை என்று நினைக்கும் நிறம் இருக்கிறது. ஒரு மரத்தில் இந்த மூன்றும் உண்டு. ஒரு காட்டில், சூரியன் உங்களுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்து இவற்றின் விகிதம் மாறும். தொலைவுக்குப் போகப்போக முதலில் குறைவது மஞ்சள். எனவே பின்னால் உள்ள சரிவுகளுக்கு எலுமிச்சை மஞ்சளைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: வெளியில் அமர்ந்து வரைந்தால் முடிப்பதற்குள் வெளிச்சம் மாறிவிடுகிறது. புகைப்படம் எடுத்து வந்து வீட்டில் வரைவது குற்றமா?

பதில்: குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் புகைப்படம் எதை இழக்கிறது என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும். கேமரா பெரும்பாலும் வெயிலுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால், நிழலுக்குள் இருக்கும் நிறங்கள் கருமையில் மூழ்கிவிடுகின்றன. கைபேசியின் அகன்ற லென்ஸ், தொலைவில் உள்ள மலையைச் சிறிதாக்கி முன்னால் உள்ள தரையைப் பெரிதாக்கிவிடுகிறது. நேரில் ஓங்கி நின்ற குன்று படத்தில் ஒரு மேடுபோல் சுருங்கிப்போவதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கல் நம் கண்ணில் இருக்கிறது. எதிரே நின்று பார்ப்பவர்கள் 5 பாகைச் சரிவை ஏறக்குறைய 20 பாகை என்று மதிப்பிடுவதாக உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. தொடக்க நிலை ஓவியர்களின் மலைகள் எல்லாம் கூர்முனை முக்கோணங்களாக அமைவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, மலையின் சரிவுக்கோட்டோடு பொருந்தும்வரை சாய்த்து, அந்தச் சாய்வை அப்படியே தாளுக்குக் கொண்டுவாருங்கள். முதலில் நம்ப முடியாத அளவுக்குத் தட்டையாக இருக்கும். ஆனால் அதுதான் சரி. அளந்து வரையக் கற்ற பின்பு, வேண்டுமென்றே மலையைச் சற்று உயர்த்துவது வேறு விஷயம். செசான் நின்ற இடங்களில் எடுத்த புகைப்படங்களோடு ஒப்பிட்டால், அவர் படங்களில் மலை பெரிதாகவே இருக்கிறது. அது அறிந்து செய்த தேர்வு.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அதைத் துரத்தி வெல்ல முடியாது. உள்ளங்கை அளவுத் தாளோடு தொடங்குங்கள். அமர்ந்தவுடன் நிழல்களின் எல்லையைப் பென்சிலால் குறித்து ஒரே பூச்சில் நிரப்பிவிடுங்கள். பிறகு நிழல் எங்கே நகர்ந்தாலும் அதை மாற்றாதீர்கள். காலையில் தொடங்கியதை மறுநாள் அதே வேளையில்தான் தொடர வேண்டும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890–91இல் வைக்கோற்போர்களை வரைந்தபோது பல கான்வாஸ்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாறமாற அடுத்ததை எடுத்தார். ஆங்கிலேய ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் வரைந்த மேகப் படங்கள் பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றை எழுதி வைத்தார். இந்தப் பழக்கத்தை எல்லோரும் கைக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று வகுத்து, குறிஞ்சிக்கு யாமத்தையும் கூதிரையும் முன்பனியையும் உரியதாக்கிய மரபு நம்முடையது. பொழுது குறிக்கப்படாத மலை நமக்குப் பாதி மலைதான்.

கேள்வி: பாறைகளை வரைந்தால் வெறும் சாம்பல் கட்டிகளாக வருகின்றன.

பதில்: அது என்ன பாறை என்று தெரிந்துகொண்டு வரையுங்கள். கருங்கல் மலைகள் வெங்காயத்தோல்போல் ஏடு ஏடாக உரிவதால் வழுவழுப்பான வளைவுகளும், வளைவை ஒட்டி ஓடும் விரிசல்களும் இருக்கும். படிவுப்பாறையில் அடுக்குக் கோடுகள் மலை முழுவதும் ஒரே சாய்வில் ஓடும். எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த இடங்களில் மலை படிக்கட்டுகளாக இறங்கும். இவற்றில் எதுவென்று தெரிந்தால், எந்தக் கோட்டை அழுத்துவது, எதை விட்டுவிடுவது என்பது விளங்கும்.

கேள்வி: சிறுவயது முதல் நான் பார்த்து வரைந்துவரும் குன்றின் ஒரு பக்கத்தைக் கல்லுக்காக வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்தைத் தவிர்த்து வரைவதா, பழையபடி முழுமையாக இருப்பதுபோல் வரைவதா என்று மனம் தடுமாறுகிறது.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கனத்தது. படத்தின் அமைப்புக்காக ஒரு மரத்தை இடம்மாற்றுவதற்கும் ஒரு புதரை விட்டுவிடுவதற்கும் ஓவியருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் வெட்டப்பட்ட மலையை முழு மலையாக வரைவதை நான் ஏற்கமாட்டேன். பல ஆண்டுகளாக அந்தக் குன்றை வரைந்திருக்கும் உங்களிடம் அதன் உருவத்தைப் பற்றி வேறு எவரிடமும் இல்லாத பதிவு இருக்கிறது. முன்பு அமர்ந்த அதே இடத்தில், அதே அளவுத் தாளில் இப்போதும் வரையுங்கள். வெட்டுமுகத்தைக் கூர்ந்து பாருங்கள்: வெயிலிலும் மழையிலும் பல்லாண்டுகள் கிடந்து, பாசியும் கற்பாசியும் படர்ந்து கறுத்த மேற்பரப்பு போய்விடுவதால், புதிதாகப் பிளந்த கல் சுற்றியுள்ள பாறையைவிட மிகவும் வெளிறியிருக்கும், அதன் ஓரங்கள் இயற்கையான வளைவுகளுக்கு நடுவே நேர்கோடாக நிற்கும். நீர்வண்ணமானால் அந்த இடத்தில் தாளின் வெண்மையையே விட்டு, மிக மெல்லிய ஆக்கர் பூச்சு ஒன்றை மட்டும் கொடுங்கள். பின்புறத்தில் நாளையும் நேரத்தையும் நின்ற இடத்தையும் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் தொடர்ந்தால் முகடு எவ்வளவு தாழ்ந்தது என்பதைப் படங்களே காட்டும். பழைய படங்களில் நாள் குறிக்கப்படாமல் இருந்தால், நினைவில் உள்ள ஆண்டையாவது இப்போதே எழுதிவிடுங்கள்.