2 வருட கிரீன் கார்டில் இருக்கும்போது விவாகரத்து ஆனால் நாடு கடத்திவிடுவார்களா?

உங்கள் தங்கை அமெரிக்கக் குடிமகனைக் கல்யாணம் செய்து 2 வருட கார்டில் போயிருக்கிறார், ஒத்துவரவில்லை, பிரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். என் தங்கை அம்பாசமுத்திரத்தில் இருந்து நியூ ஜெர்சிக்குப் போனவள். அங்கே படும் பாட்டை அவள் முதலில் சொன்ன அன்று போனில் ஆச்சி சொன்னது: “ஏட்டி, ரெண்டு வருசந்தான, பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்துரு. பொறவு பாத்துக்கிடலாம்.” எல்லோரும் ஆமாம் போட்டோம். நானும்தான்.

கல்யாணமாகி 2 வருடம் ஆவதற்குள் நிரந்தரவாசியாகிறவர்களுக்கு 2 வருட நிபந்தனைக் கார்டுதான் கிடைக்கும். பொய்க் கல்யாணங்களைப் பிடிக்க 1986-ல் வந்த சட்டம் அது. கார்டு முடியும் தேதிக்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து, அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 என்ற படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் மிரட்டல். “நான் போடலன்னா நாளைக்கே ஊருக்குப் போகணும்” என்று என் தங்கையும் கேட்டிருக்கிறாள். அது உண்மையில்லை. விவாகரத்து முடிந்திருந்தால் அதே படிவத்தைத் தனியாகவே போடலாம், 90 நாள் கணக்கும் கிடையாது. கல்யாணம் உண்மையானது என்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். அடி, கொடுமை என்றால் விவாகரத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அந்த ‘அவ்வளவுதான்’ லேசுப்பட்டதில்லை. பத்திரிகை, ஆல்பம், மொய் நோட்டு முதற்கொண்டு ஸ்கேன் செய்து அனுப்பினேன். அங்கே இருந்த தமிழ் வக்கீலம்மா சிரித்துவிட்டார். “சார், இதெல்லாம் கல்யாணம் நடந்ததுக்கு ஆதாரம். குடும்பம் நடத்தினதுக்கு என்ன இருக்கு?” வாடகை ஒப்பந்தம், பேங்க் கணக்கு, கரண்ட் பில், எதிலும் தங்கை பெயர் இல்லை. கடைசியில் கைகொடுத்தவை, இருவரும் சேர்ந்து தாக்கல் செய்த ஒரு வருட வரிக் கணக்கு, அவள் பெயரும் இருந்த ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸ், அப்புறம் அம்மாவின் ஹார்லிக்ஸ் பாட்டில். அம்மா எந்தக் காகிதத்தையும் தூரப் போட மாட்டாள். அல்வாவும் கூழ்வத்தலும் அனுப்பிய கூரியர் ரசீதுகள் பதினொன்று அதற்குள் சுருட்டிக் கிடந்தன. எல்லாவற்றிலும் மாப்பிள்ளை பெயரும் தங்கை பெயரும் ஒரே விலாசத்தில். (தமிழில் உள்ள காகிதம் எதுவானாலும் முழுதாக ஆங்கிலத்தில் பெயர்த்து, பெயர்த்தவர் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.)

பாளையங்கோட்டை கோர்ட்டிலேயே பரஸ்பர சம்மதத்தில் முடித்துவிடலாம் என்று மச்சான் ஒருவர் சொன்னார். இந்து திருமணச் சட்டப்படி ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு 6 மாதம் காத்திருக்க வேண்டும். கோர்ட் மனது வைத்தால் அந்த 6 மாதத்தைக் குறைக்கலாம்தான், ஆனால் கார்டு தேதி நமக்காக நிற்காது. அங்கேயே வழக்குப் போட்டாள். ஐ-751 மனு போய்ச் சேர்ந்ததும் வரும் ரசீதுக் கடிதமே கார்டை நீட்டிக்கும், 2023 முதல் 48 மாதத்துக்கு.

எனக்குத் தெரிந்து ஆபத்து விவாகரத்தில் இல்லை, ஒன்றும் போடாமல் தேதியைத் தாண்டவிடுவதில்தான். அப்போது அந்தஸ்து போய், குடியேற்றக் கோர்ட்டில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வரும். அங்கேயும் நீதிபதியிடம் வாதாட வழி உண்டு. ஆனால் சொந்தக்காரர்களிடம் பொய்க் கடிதம் மட்டும் வாங்காதீர்கள். பொய்க் கல்யாணம் என்று ஒருமுறை முடிவாகிவிட்டால், பிறகு உண்மையாகவே வேறொருவரை மணந்தாலும் அவர் போடும் மனு செல்லாது.

இன்னொன்று. தங்கை கையில் இருப்பது கிரீன் கார்டுதானா என்று பார்த்துவிடுங்கள். நம் பக்கத்துப் பெண்கள் பலர் போவது எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருக்கும் கணவரைச் சார்ந்து மனைவிக்குக் கிடைக்கும் விசாவில். அதற்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. தீர்ப்பு வந்த அன்றே அந்த விசா அந்தஸ்து போய்விடும், கணவரோடு கிரீன் கார்டு வரிசையில் நின்ற இடமும் போய்விடும். அப்படியானால் விவாகரத்து மனுவுக்கு முன்னாலேயே குடியேற்ற வக்கீலைப் பார்க்க வேண்டும்.

என் தங்கைக்கு 10 வருடக் கார்டு வந்துவிட்டது. ஆச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பம் ஒத்தையிலயே எழுதிப் போட்டிருக்கலாமாக்கும்? அந்தப் பிள்ளைய ஏம்ல அங்க கெடந்து சீரழிய விட்டிய?” என்று என்னைக் கேட்டாள்.