நாற்பது நாற்காலி போதும்

கேள்வி: எங்கள் ஊரில் நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு கர்நாடக இசைக் கச்சேரி நடத்துகிறோம். அனுமதி இலவசம். பெயர் பெற்ற பாடகர் வந்த மாதம் 200 பேர் வந்தார்கள். அடுத்த மாதம் 25 பேர். விடாமல் வருகிற ரசிகர்களை எப்படிச் சேர்ப்பது?

பதில்: அந்த 200 பேரை மறந்துவிடுங்கள். பாடகருக்காக வந்தார்கள், அவரோடு போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் 25 பேரில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்?

நான் ஒரு சிறிய சபாவுக்குச் செயலாளராக இருந்தவன். தொடக்கத்தில் பெரிய வித்வான்கள் கொடுக்கும் தேதிக்கெல்லாம் ஆடினோம். ஒரு மாதம் ஞாயிறு, மறுமாதம் வியாழன். வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர், பூட்டிய மண்டப வாசலில் அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியதாகக் காவலாளி சொன்னார். பிறகு அவர் வரவேயில்லை. அன்றே முடிவெடுத்தோம்: இரண்டாம் சனிக்கிழமை, மாலை 6 மணி. யார் பாடினாலும் சரி, மழை கொட்டினாலும் சரி. எட்டேகாலுக்கு மங்களம், எட்டரைக்குக் கடைசி டவுன் பஸ்.

இலவசத்தை நிறுத்துங்கள். சிறு தொகையானாலும் ஆண்டுச் சந்தா வாங்குங்கள். கோயிலும் அரண்மனையும் ஜமீனும் புரந்த இசை, திருவல்லிக்கேணியில் 1900இல் தொடங்கிய ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா போன்றவற்றால்தான் பொதுமக்கள் கைக்கு வந்தது. சந்தா கட்டியவர், மைக் இரைந்தால் எழுந்துவந்து சண்டை போடுவார். போடட்டும், உரிமை இருப்பவர்தான் சண்டை போடுவார்.

மண்டபத்தில் 100 நாற்காலி போட்டு 30 பேரை உட்காரவைத்தால், வந்தவருக்கே ஏன் வந்தோம் என்று தோன்றும். நாற்பது போடுங்கள். மிச்சத்தை அடுக்கி வையுங்கள். ஆள் வர வர எடுத்துப் போடலாம்.

திருவையாற்றில் தியாகராஜருக்கு நடக்கும் ஆராதனையைப் பாருங்கள். அவர் மறைந்த திதியான பகுள பஞ்சமியன்று, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ராகங்களில் அவர் இயற்றிய பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் வித்வான்களோடு சேர்ந்து எத்தனையோ பேர் பாடுகிறார்கள். தங்கள் குரலும் அதில் கலப்பதால்தான் ஆண்டுதோறும் பயணச் சிரமத்தைப் பொருட்படுத்தாமல் போகிறார்கள். உங்கள் ரசிகருக்கும் அப்படி ஏதாவது பங்கு வேண்டும். நாங்கள் வாசலில் ஒரு தட்டில் காகிதத் துண்டுகளும் பென்சிலும் வைத்தோம். கேட்க விரும்பும் பாட்டை ரசிகர்கள் அதில் எழுதிப் போடலாம். கச்சேரிக் கடைசியில் சின்னப் பாட்டுகள் பாடும் துக்கடா நேரத்தில் இரண்டு சீட்டுகளை எடுத்து, கேட்டவர் பெயரையும் சொல்லி, பாடகரிடம் கொடுப்போம். எழுதாதவர்கள்கூடக் கடைசிவரை உட்கார்ந்தார்கள், மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகாமல்!

வேலையையும் பங்கிட்டுக் கொடுங்கள். வெந்நீர்ப் பிளாஸ்க்கை மேடையில் வைக்கும் பொறுப்பை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் விட்டோம். பாடகர் அதைத் திறந்து ஒரு வாய் குடிக்கும்போது இவர் முகத்தைப் பார்க்கவேண்டும். ஒரு மாதமும் அவர் தவறியதில்லை.

வாட்ஸப் குழு தகவல் சொல்ல உதவும், அவ்வளவுதான். வருகைக்கு ஒரு நோட்டு போடுங்கள். இரண்டு மாதம் வராதவரை நீங்களே தொலைபேசியில் அழையுங்கள்; கச்சேரிப் பேச்சை எடுக்காமல் நலம் விசாரியுங்கள். எங்கள் சபாவில் பலருக்கு மூட்டுவலிதான் காரணமாக இருந்தது. ஒரே தெருவில் இருப்பவர்களைச் சேர்த்து ஆட்டோ பேசிவிட்டோம். மறுமாதம் எட்டு பேர் கூடுதலாக வந்தார்கள்.